பெஷ்கால் வீட்டுச் சங்கிலி

பெஷ்கால் மேய்ச்சல் மேடு
12 மே 1957

கைபா அக்காவுக்கு,

உன்னோடு பேச மாட்டேன் என்று சொல்லித்தான் ரயிலேறினேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆகவே எழுதுகிறேன், ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே.

நீ சொன்னதுதான் நடந்தது. மலையில் யாரையும் குடியேற விடவில்லை. கஜாக் புல்வெளிக்கு நாடு கடத்தப்பட்டு, பதின்மூன்று வருடம் கழித்துத் திரும்பிய நம் ஆட்கள் எல்லோரும் கீழே நஸ்ரான் சமவெளியில் மண் குழைத்துக்கொண்டிருக்கிறார்கள். சாவடிக்காரன் என் காகிதத்தை மூன்று முறை திருப்பிப் பார்த்தான். "ஊருக்குப் போகணும்" என்றேன். "எந்த ஊருக்குய்யா? அங்க ஊரே இல்லையே" என்றான். கூட்டுப்பண்ணையில் ஆடு மேய்க்கச் சேர்ந்தேன். இப்போது ஆட்டோடு ஆடாக மேலே விட்டுவிட்டான். அறுநூறு ஆட்டுக்கு இருக்கிற உரிமை எனக்கு இல்லை, பார்த்துக்கொள்.

பதினொரு கோபுர வீடுகளில் நான்குதான் நிற்கின்றன. காஞ்சொறி ஆள் உயரம். இடுகாட்டில் ஒரு கல்கூட இல்லை. எல்லாவற்றையும் ஆற்றுப் பாலத்துக்குத் தளமாகப் போட்டிருக்கிறார்கள். பாலத்தில் நடக்கும்போது காலடியில் எழுத்துகள் தெரிந்தன. பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கடந்தேன். பின்னால் வந்த லாரிக்காரன் சிரித்தான்.

நம் வீடு நிற்கிறது, அக்கா. கூரையில் பாதி போய்விட்டது, சுவர் அப்படியே இருக்கிறது. பண்ணை நாய் எனக்கு முன்னால் வாலை ஆட்டிக்கொண்டு உள்ளே போயிற்று, தினமும் வந்துபோகும் வீடு மாதிரி. அடுப்பில் சாம்பல் இருந்தது. கையை விட்டேன். அடியில் சூடு இருந்தது.

வேட்டைக்காரர்களாக இருக்கலாம். ஆனால் ஊற்றில் சருகு ஒன்றுகூட இல்லை. யாரோ தினமும் அள்ளிப் போடுகிறார்கள்.

அடுப்புக்கு மேலே உத்தரத்தில் கொக்கி மட்டும் இருக்கிறது, கெட்டில் தொங்கும் சங்கிலி இல்லை. எல்லோரும் மாவும் கம்பளியும் தூக்கிக்கொண்டு போனபோது நீ இரும்பைத் தூக்கிக்கொண்டு போனாய் என்று எத்தனை முறை கேலி செய்திருப்பேன்! இப்போது கேட்கிறேன், அந்தச் சங்கிலியை அனுப்பு. சங்கிலி தொங்காத வீட்டில் உட்கார்ந்தால் சத்திரத்தில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது.

காட்டுப் பூண்டு முளைத்திருக்கிறது. நீ இல்லாமல் தின்றேன்.

பெக்முர்சா


அக்மோலா பக்கம், 4-ஆம் பால் பண்ணை
30 மே 1957

தம்பி,

பூண்டு தின்றாயா? நன்றாகத் தின்னு. இங்கே நான் முப்பது பசுவுக்குப் பால் கறந்து, கஜாக் புழுதியைத் தின்கிறேன்.

ஊர் திரும்பும் பட்டியலில் நம் பண்ணையின் முறை இலையுதிர் காலத்தில்தான் வரும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அதுவரை நீ சமவெளிக்கு இறங்கி ஒரு துண்டு நிலத்துக்கு எழுதிக் கொடு. மலையில் என்ன இருக்கிறது? மேலே இருப்பது நம் ஊர் இல்லை, அதன் எலும்பு. எலும்போடு குடித்தனம் நடத்த முடியாது.

சங்கிலி பார்சலில் போகிற பொருளா? வழியில் தொலைந்தால் என்ன செய்வாய்? நானே கொண்டுவருவேன்.

சாம்பல் யாருடையதாக இருந்தாலும் உனக்கு என்ன? ஆழம் தெரியாமல் காலை விடாதே. முக்கியமாகக் கீழ்த்தளத்துக்கு, அந்த மாட்டுக் கொட்டிலுக்குப் போகாதே. கல் பெயர்ந்து விழும்.

சுக்ரா வந்திருந்தாள். அவளோடு பேசுவதை நீ எப்போதும் விரும்பியதில்லை. நம் உமாலத் அண்ணனைக் கொன்றவனின் மனைவி என்பதை நான் மறக்கவில்லை. ஆனால் முதல் குளிர்காலத்தில் அவள் தன் ரொட்டியைப் பிட்டுச் சுவர் ஓட்டை வழியாகக் கொடுத்திருக்காவிட்டால், போர்முனையிலிருந்து நீ வந்தபோது உன்னை வரவேற்க அக்கா இருந்திருக்க மாட்டாள். பதின்மூன்று வருடமாக அவளுக்குத் தான் விதவையா இல்லையா என்று தெரியாது. "கைபா, ஒன் தம்பி மேல போயிருக்கானாமே. என் வீட்டுக்காரர் எலும்பாவது கெடச்சா ஒரு வரி எழுதச் சொல்லு. அவர் செஞ்சதுக்கு நான் நியாயம் பேச வரல. ஒரு வரி போதும்" என்றாள்.

காட்டுக்கு ஓடியவன் இத்தனை வருடம் எங்கே பிழைத்திருப்பான் என்று சொல்லி அனுப்பினேன்.

கீழே இறங்கி வா.

கைபா


மேய்ச்சல் மேடு
16 ஜூன் 1957

அக்கா,

போகாதே என்றாய், போனேன். என்னை உனக்குத் தெரியாதா?

கொட்டிலில் கல் எதுவும் விழவில்லை. மூலையில் ஒரு கம்பளிப் படுக்கை இருந்தது. சுவரில் ஆணியடித்து அப்பாவின் ஆட்டுத்தோல் தொப்பியை மாட்டியிருக்கிறார்கள். பூச்சி அரிக்காமல் புகை போட்டு வைத்திருக்கிறார்கள்.

வீட்டுக்குப் பின்னால், கிழக்கு பார்த்த சரிவில் ஒரு சமாதி இருக்கிறது. ஊர் முழுக்க நட்டு நிற்கிற கல் அது ஒன்றுதான். அரபு எழுத்தில் அப்பாவின் பெயர் செதுக்கியிருக்கிறது: எல்பெர்த், 1944, புல் முளைத்த மாதம்.

நம் அப்பா மார்ச் மாதத்தில் ரயிலில் இறந்தார் என்றாய். பட்டாளத்தார் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் பனியில் கிடத்தினார்கள் என்றாய். அந்த இடத்துக்குப் பெயர்கூடத் தெரியாது என்று அழுதாய். பிறகு இங்கே படுத்திருப்பது யார்?

செதுக்கியவன் யார் என்று எனக்குத் தெரியும். ஊற்றுக்குப் போகும் ஈரமண்ணில் தடம் பார்த்தேன். இடது காலை இழுத்து நடக்கிறவனின் தடம். வைக்கோல் நிலத்துக்காக உமாலத் அண்ணனை அரிவாள் பிடியால் அடித்துக் கொன்ற ஜார்மேத் இடது காலைத்தான் இழுப்பான். கொலை செய்துவிட்டுக் காட்டில் ஒளிந்தவனை 1944-இல் பட்டாளம் எப்படிக் கண்டுபிடிக்கும்? நம் ஜனம் மொத்தத்தையும் வாரிக்கொண்டு போனார்கள், கொலைகாரன் ஒருவன் மட்டும் சொந்த மலையில் தங்கிவிட்டான். நம் அடுப்பில் சமைத்துத் தின்கிறான். பிள்ளையைக் கொன்றது போதாதென்று அப்பாவுக்குப் பொய்ச் சமாதி கட்டி விளையாடுகிறான்.

ஓநாய்க்காகப் பண்ணையில் ஒரு துப்பாக்கி கொடுத்திருக்கிறார்கள்.

நான் வேட்டை நாய் இல்லை, அக்கா. முறை தெரிந்தவன். பழிக்குரியவன் செத்தவனுடைய வீட்டுக்குள் ஓடிவந்து அடுப்புச் சங்கிலியைப் பிடித்துவிட்டால் அவன்மேல் கை வைக்கக் கூடாது. அப்பாவின் மாமனைக் கொன்றவன் அப்படித்தான் நம் சங்கிலியைப் பிடித்தான்; கிழவனாகி நம் ரொட்டியைத் தின்றே செத்தான். அந்த வழி ஜார்மேத்துக்கும் இருக்கட்டும். ஆனால் சங்கிலி உன்னிடம் இருக்கிறதே? அனுப்பு. வைக்கோல் அறுப்பு முடியும்வரை துப்பாக்கியைத் தொட மாட்டேன். கடைசி வைக்கோல் போர் ஏறிய பிறகு நான் வாக்குக் கொடுக்கவில்லை.

சுக்ராவிடம் ஒன்றும் சொல்லாதே.

பெக்முர்சா


பால் பண்ணை
2 ஜூலை 1957

தம்பி,

இதை இரண்டு முறை எழுதிக் கிழித்தேன். மூன்றாவது முறையும் சரியாக வரவில்லை, இருந்தாலும் அனுப்புகிறேன்.

எல்பெர்த் என்ற பெயர் மலையில் நம் அப்பாவுக்கு மட்டும்தானா? பக்கத்து ஊர்க்காரர் யாராவது இருக்கலாம். அப்பா ரயிலில்தான் இறந்தார். சொன்னதையே திரும்பத் திரும்பக் கேட்காதே.

அவனை விட்டுவிடு. தனியாகப் பதின்மூன்று குளிர்காலம் கழித்தவனுக்கு அதைவிடத் தண்டனை என்ன இருக்கிறது? நீ சுட்டால் அவன் தம்பிகள் இரண்டு பேர் இங்கே எங்களோடு ஒரே கொட்டகையில் பால் கேன் தூக்குகிறார்கள். நல்ல பிள்ளைகள். உனக்காகக் கத்தி தீட்ட வேண்டியவர்களாக அவர்களை ஆக்காதே.

சங்கிலியை அனுப்பவில்லை. காரணம் கேட்காதே. நான் வரும்போது கொண்டுவருவேன்.

சுக்ரா இன்று என்னோடு பால் கறந்தாள். "எழுதினானா?" என்றாள். "ஆட்டைப் பத்தி எழுதியிருக்கான்" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

கைபா


மேய்ச்சல் மேடு
12 ஜூலை 1957

அக்கா,

அனுப்ப மாட்டாயா? சரி.

நேற்று முன்தினம் அவனைப் பார்த்தேன். பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம், பாறை விளிம்பில் நின்றான். தாடி இடுப்பு வரை இருக்கிறது. துப்பாக்கி எட்டாத தூரம் என்று அவனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். நான் போர் வேய்ந்துகொண்டிருந்தேன். அவன் கையைக் குவித்துக் கத்தினான்.

"பெக்முர்சா! சங்கிலி எங்கடா?"

"உனக்கெதுக்குடா அது?"

"ஒங்கப்பன் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கார். அடுப்படியில நின்னு சொல்லணும்னு சத்தியம் வாங்கியிருக்கார். பாறைக்குப் பாறை கத்தற வார்த்தை இல்ல அது. சங்கிலிய மாட்டு, நான் வந்து பிடிக்கிறேன், சொல்றேன். அப்புறம் நீ வச்சுக்கிட்டாலும் சரி, வெரட்டினாலும் சரி."

நான் முதுகைக் காட்டிக்கொண்டு போர்மேல் வைக்கோலை எறிந்தேன். ரயிலில் செத்தவர் இவனிடம் எப்படி வார்த்தை சொல்வார்? நீ சொல்வது உண்மையென்றால் இவன் சொல்வது பொய். செத்த அப்பாவைத் தூண்டில் புழுவாகப் போட்டு என்னைப் பிடிக்கப் பார்க்கிறான்.

உன் வார்த்தையைத்தான் நம்புகிறேன். இன்னும் நாலைந்து போர்தான் பாக்கி.

பெக்முர்சா


பால் பண்ணை
24 ஜூலை 1957

பெக்முர்சா,

சுடாதே. இந்த ஒரு வரியைத் தந்தியாகவும் கொடுத்திருக்கிறேன். சங்கிலியை இதோடு பார்சலில் அனுப்பியிருக்கிறேன். அதை மாட்டு, அவனை உள்ளே வர விடு, அவன் சொல்வதைக் கேள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன், தம்பி. அப்பா ரயிலில் இறக்கவில்லை. அப்பா ரயிலேறவே இல்லை.

அந்தக் குளிர்காலத்தில் பட்டாளத்தார் வந்து வீட்டுக்கு நாலு பேராகத் தங்கினார்கள். மலைப்பயிற்சி என்றார்கள். அப்பா அவர்களுக்கு ஆடு அறுத்தார். மூன்று வாரம் நம் தட்டில் சாப்பிட்டவர்கள், பிப்ரவரியில் ஒரு நாள் காலையில் இரண்டு மணி நேரம் கொடுத்துக் கிளம்பு என்றார்கள். அப்பாவுக்கு மார்ச்சளி, எழுந்து நிற்க முடியவில்லை. பனி இடுப்பளவு இருந்தது. நடக்க முடியாதவர்கள் இருக்கட்டும், பின்னால் வண்டி வரும் என்றார்கள். வண்டி வராது என்று எனக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும்.

நான் தங்கியிருக்கலாம். இத்தனை வருடமும் அதைத்தான் நினைக்கிறேன். ஒருவன் என் முதுகில் துப்பாக்கிக் கட்டையை வைத்தான். ஒரு முறைதான் வைத்தான், நான் நடந்துவிட்டேன்.

அவரைக் கொட்டிலில் கிடத்தினேன், மாட்டு மூச்சின் சூடு இருக்குமென்று. ஒரு செம்பு பால் கறந்து கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தேன். "சங்கிலியக் கழட்டிக்கோ. ஆள் இல்லாத வீட்டுல அது தொங்கக் கூடாது" என்றார். கழற்றினேன். அது கழன்றபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என்னைப் பார்க்கப் பிடிக்காமலா, நான் போவதைப் பார்க்க முடியாமலா, எனக்குத் தெரியாது. கீழே பாலம் வரைக்கும் கறக்காத மாடுகள் கத்துவது கேட்டது.

பின்னொரு நாள் நீ வந்து "அப்பா எங்கே" என்று கேட்டாய். விட்டுவிட்டு வந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

புல் முளைத்த மாதம் என்றால் அவர் இன்னும் இரண்டு மாதம் உயிரோடு இருந்திருக்கிறார். அந்தச் செம்புப் பால் இரண்டு மாதம் வராது. ஒருவன் காட்டிலிருந்து இறங்கி வந்து ஊட்டியிருக்கிறான், துடைத்திருக்கிறான், குழி வெட்டியிருக்கிறான். நான் செய்ய வேண்டியதையெல்லாம் நம் அண்ணனைக் கொன்றவன் செய்திருக்கிறான். உன் ஜூன் கடிதத்திலேயே எனக்கு இது தெரிந்துவிட்டது. சங்கிலி வந்தால் அவன் வாய் திறப்பான், நான் அப்பாவை விட்டுவிட்டு வந்தது உனக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தேன். அதனால்தான் அனுப்பவில்லை. வேறு காரணம் எதுவும் இல்லை.

அப்பா சொன்ன வார்த்தை என்னைப் பற்றியதாக இருக்கும். திட்டாக இருந்தாலும் எனக்கு அது வேண்டும். கேட்டு எழுது.

கைபா


மேய்ச்சல் மேடு
9 ஆகஸ்ட் 1957

அக்கா,

ஜூலை கடைசியில் மழை பிடித்து ஆற்றுப் பாலத்தை அடித்துக்கொண்டு போயிற்று. நம் பெரியவர்களின் கற்களும் அதோடு போயின. பத்து நாளைக்கு ஒரு முறை வரும் லாரி அந்தக் கரையிலேயே நின்றுவிட்டது. நேற்றுத்தான் குதிரையில் சாக்கு வந்தது. உன் தந்தி, உன் கடிதம், சங்கிலி, மூன்றும் ஒரே சாக்கில் இருந்தன.

ஜார்மேத் செத்து ஐந்து நாள் ஆகிறது.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். மூன்றாம் தேதி கடைசிப் போரை ஏற்றினேன். மறுநாள் மத்தியானம் மழைக்கு நம் வீட்டுக்குள் போனேன், நெருப்பு மூட்டினேன். கெட்டிலைத் தொங்கவிட ஒன்றும் இல்லை. பழைய தந்திக் கம்பித் துண்டு ஒன்று கிடந்தது. அதை மூன்றாக முறுக்கிக் கொக்கியில் மாட்டிக் கெட்டிலைத் தொங்கவிட்டேன். இவ்வளவுதான் நான் செய்தது. வேறொன்றும் நினைத்துச் செய்யவில்லை.

அவன் மேலேயிருந்து புகையைப் பார்த்திருக்கிறான். வாசல் வழியாக, அடுப்புக்கு மேலே கறுப்பாக ஒன்று தொங்குவதைப் பார்த்திருக்கிறான். சங்கிலி வந்துவிட்டது என்று நினைத்தான். காலை இழுத்துக்கொண்டு, குனிந்து, வாசலுக்குள் ஓடிவந்தான். கையில் ஆயுதம் இல்லை. என்னைத் தாண்டிப் போய் இரண்டு கையாலும் அந்தக் கம்பியைப் பிடித்தான். அது கொதித்துக்கொண்டிருந்தது. விடவில்லை. பிறகுதான் கைக்குள் இருப்பதைப் பார்த்தான்.

"இது அது இல்லையே" என்றான்.

என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் சிரித்தேன் போலிருக்கிறது, அவன் முகம் அப்படி மாறிற்று. "ஒங்கப்பன் ஒங்க அக்காவுக்கு..." என்று ஆரம்பித்தான். பொய் சொல்லப் போகிறான் என்று நினைத்தேன். சுட்டுவிட்டேன்.

அப்பாவுக்குப் பக்கத்தில் புதைத்தேன். குழி வெட்டும்போது அப்பாவின் சமாதியைச் சுற்றி அவன் நட்ட வேலியைப் பார்த்தேன். வருடா வருடம் மாற்றியிருக்கிறான்.

கம்பியைச் சங்கிலி என்று நம்பிப் பிடித்தவனுக்கு என்ன முறை, அக்கா? பிடித்த கையைப் பார்ப்பதா, பிடிபட்ட பொருளைப் பார்ப்பதா? ஐந்து நாளாக இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். நாயைத் தவிர இங்கே ஒருவரும் இல்லை, அதுவும் அவன் குழியருகில்தான் படுத்திருக்கிறது.

அந்த வார்த்தை அவனோடு போயிற்று. என்னால் போயிற்று. உன்மேல் கோபப்பட வேண்டும் என்று பார்க்கிறேன், அதற்கும் தெம்பில்லை.

பெக்முர்சா


பால் பண்ணை
21 ஆகஸ்ட் 1957

தம்பி,

உன் கடிதம் காலையில் வந்தது. நேராகச் சுக்ரா வீட்டுக்குப் போய் முழுவதையும் படித்துக் காட்டினேன். என் கடிதத்தில் இருந்ததையும் சொன்னேன். இனிமேல் எதையும் மறைக்க என்னால் ஆகாது.

அவள் அழவில்லை. "உயிரோட இருந்தது எப்பத்திலேர்ந்து ஒனக்குத் தெரியும்?" என்று கேட்டாள். ஜூன் மாதத்திலிருந்து என்றேன். "ஜூன்லேர்ந்து என் பக்கத்துல உக்காந்து பால் கறந்திருக்க" என்றாள். பிறகு, "எங்க விழுந்தார்?" என்றாள். அடுப்படியில் என்றேன்.

"யார் வீட்டு அடுப்பு?"

எங்கள் வீட்டு அடுப்பு என்று சொல்ல வாயெடுத்தேன். அவளே சொன்னாள். "பதிமூணு வருஷம் அதுல தீ மூட்டினது அவர். ஒங்கப்பனுக்குக் கஞ்சி வச்சது அதுல. அது அவர் வீடு, கைபா. ஒந்தம்பி என் புருஷனை அவர் வீட்டுக்குள்ளயே வச்சுச் சுட்டிருக்கான்." பிறகு எழுந்து, நான் உட்கார்ந்திருந்த பலகையைத் துடைத்தாள்.

அவள் கொழுந்தன்கள் இருவரும் மத்தியானமே பண்ணையில் கணக்கு முடித்துக்கொண்டு மூட்டை கட்டினார்கள். சாயங்கால ரயிலில் ஏறுகிறார்கள். இந்தக் கடிதமும் அதே ரயிலின் தபால் பெட்டியில்தான் வருகிறது. தந்தியும் கொடுத்திருக்கிறேன். ஆனால் பாலம் இல்லையே. எது முதலில் ஆற்றைத் தாண்டும் என்று எனக்குத் தெரியாது. எனக்கு நாளைய ரயிலில்தான் இடம் கிடைத்தது.

ஓடாதே. துப்பாக்கியைப் பண்ணையில் திருப்பிக் கொடுத்துவிடு. சங்கிலியைக் கொக்கியில் மாட்டி, அதற்குக் கீழே உட்கார். சுக்ரா சொன்னது சரியென்றால் அது இப்போது செத்தவனுடைய வீட்டுச் சங்கிலி. கொன்றவன் பிடித்துக்கொள்ள வேண்டிய சங்கிலி. வாசலில் நிழல் விழுந்ததும் இரண்டு கையாலும் பிடித்துக்கொள். அவர்கள் முறை தெரிந்த பிள்ளைகள். உன்னைப் போல அவசரப்பட மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

நான் வந்து அப்பாவின் சரிவில் நிற்பேன். அந்த வார்த்தை என்னவென்று இனி ஒருவரும் சொல்லப்போவதில்லை. அது தெரியாமலே சாவதுதான் எனக்கு நான் சம்பாதித்தது.

முதலில் அந்தக் கம்பியைக் கழற்றி ஆற்றில் எறி. உன் கை தவறிவிடக் கூடாது.

கைபா